மாடிக்காவலனின் கை

அலோன்சோ விட்லோவுக்கு முகம் வரைய வராது என்று படக்கதைக் கம்பெனி ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அவன் வரைந்த மாடிக்காவலன் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை மூடிக்கொண்டு திரிகிற ஆள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை, கைக்கு உறை, முதுகில் ஒரு போர்வை, அவ்வளவுதான். "மூஞ்சி வராதவன்தானே மூஞ்சிய மூடுவான்" என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் காபிக் கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அதே பையன்கள் மறுநாள் அவனுடைய பக்கங்களை மேஜைக்கு அடியில் ஒளித்து வைத்துக் காப்பியடிப்பார்கள். அதற்கு மட்டும் வெட்கம் கிடையாது.

காப்பியடிக்காமல் என்ன செய்வார்கள்? அவனுக்கு முன்னால் படக்கதை வீரர்களெல்லாம் தெருவில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு துணிக்கடை பொம்மை மாதிரி நின்றார்கள். அலோன்சோதான் வாசகனைச் சட்டைக் காலரைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, புறாக்கூடு, சுவரோடு இறங்கும் இரும்புப் படி, எல்லாவற்றுக்கும் கீழே துளியூண்டு தெரு. பக்கத்தைத் திருப்பினால் எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும். பிற்பாடு பறக்கும் வீரர்களை வரைந்து பேர் வாங்கியவர்கள் பலரும் அந்த மாடிகளில் நடை பழகியவர்கள்தான்.

பேர் மட்டும் அவனுக்கு இல்லை. முதல் பக்கத்தின் மூலையில் 'ரெக்ஸ் ஹேல்' என்று கையெழுத்து இருக்கும். அப்படி ஓர் ஆள் கிடையாது. கறுப்பர்கள் வாழும் ஹார்லம் பேட்டையிலிருந்து ஒரு கறுப்பன் வரைகிறான் என்று தெரிந்தால் தெற்கு மாநிலங்களில் எந்தப் பெட்டிக்கடையிலும் புத்தகத்தைத் தொங்கவிட மாட்டார்கள் என்று முதலாளி வைத்த பேர் அது. வாசகர்கள் போட்டோ கேட்டு நச்சரித்தபோது முதலாளியின் மச்சினன் வாயில் பைப்போடு ரெக்ஸ் ஹேலாக உட்கார்ந்து போஸ் கொடுத்தார். அந்த மனுஷனுக்கு ஒரு நேர்கோடு போட வராது. அலோன்சோ அதையும் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் காரணம் முகமூடிக்குள் இருந்த ஆள். அது அவனுடைய அண்ணன் லெஸ்டர்.

லெஸ்டர் நூற்று முப்பத்தெட்டாம் தெருவில் ஒரு குடியிருப்புக் கட்டடத்துக்குக் காவல்காரன். கொதிகலனுக்குக் கரி போடுவது, குழாய் அடைப்பு எடுப்பது, வாடகை கொடுக்காதவனுக்காக வீட்டுக்காரனிடம் பொய் சொல்வது எல்லாம் அவன் வேலை. ஒரு பனிக்காலத்தில் பக்கத்துக் கட்டடத்தில் தீப்பிடித்தது. லெஸ்டர் மாடிக்கும் மாடிக்கும் நடுவே பலகை போட்டு, கையை நீட்டி நீட்டி, ஒவ்வொருவராக இந்தப் பக்கம் இழுத்துவிட்டான். யாரோ ஒரு கிழவரை விட்டுவிட்டோம் என்று திரும்பிப் போனவன் வரவில்லை. மறுநாள் பெரிய பத்திரிகைகளில் தீயணைப்பு வண்டியின் படம் வந்தது. லெஸ்டரின் பேர்கூட வரவில்லை.

அடுத்த வருஷம் அலோன்சோ மாடிக்காவலனை வரைந்துகொண்டு போய் ஆசிரியர் மேஜையில் வைத்தான். ஒவ்வொரு கதையும் ஒரே மாதிரி முடியும்: மாடி விளிம்பில் குனிந்து மாடிக்காவலன் கையை நீட்டுவான். அந்தச் சாய்ந்த தோள், அந்த முன்வளைந்த நடை, எல்லாம் லெஸ்டர்தான்.

இது தெரிந்தவள் ஒருத்தி மட்டும். லெஸ்டரின் மனைவி கிளியோ. அவள் மூன்றாவது மாடியில் இருந்தாள், கல்யாணம் செய்துகொள்ளாத அலோன்சோ ஐந்தாவது மாடியில். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலிலிருந்து வந்ததும் கோழிக் குழம்பும் கீரையும் சோளரொட்டியும் செய்து அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைப்பாள். அவன் சாப்பிடச் சாப்பிட அவள் புது இதழைப் புரட்டிக் குறை சொல்வாள்.

"என்ன கொழுந்தனாரே, உங்க அண்ணன் இப்பிடிக் குதிப்பாரா? முட்டி வலிக்குதுன்னு படியில பக்கவாட்டா எறங்குற மனுசன்."

"கதைல முட்டி வலிக்காது அண்ணி."

"அது சரி. இந்தத் துணிய என்னைக்குத்தான் கழட்டப் போற?"

"கடைசில. கதை முடியறப்போ கழட்டுவேன். எல்லாரும் பாப்பாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

இந்தச் சத்தியத்தில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. கிளியோவிடம் புருஷனின் போட்டோ ஒன்றே ஒன்று, அதுவும் கல்யாணத்தில் யாரோ நகர்ந்ததால் கலங்கிப்போனது. ஊரே பார்க்கும்படி அவன் முகம் ஒரு தரம் அச்சில் வர வேண்டும். அவள் வாழ்க்கையில் வேறு எதற்கும் காத்திருக்கவில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் படக்கதைகளுக்குக் கெட்ட காலம். பிள்ளைகள் கெட்டுப்போகின்றன என்று பாதிரிமாரும் பள்ளிக்கூடத்தாரும் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். கடைகளிலிருந்தும் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. ஒரு நாள் ஆசிரியர் சிட் கெல்பர் அலோன்சோவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உக்காருப்பா. மாடிக்காவலன நிறுத்துறோம். அடுத்த இதழ் கடைசி. போறதுதான் போறான், நல்லா வித்துட்டுப் போகட்டும். முகமூடியக் கழட்டிரு."

அலோன்சோ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "கழட்டிடறேன் சார்" என்றான்.

கெல்பர் தட்டச்சு செய்த கதையை நீட்டினார். "பேரு பிராட் ஹாலிஸ்டர். லட்சாதிபதி. மஞ்ச முடி, நீலக் கண்ணு, தாடையில ஒரு குழி."

அலோன்சோ தாள்களை வாங்கவில்லை. "எனக்கு அந்த முகம் தெரியும் சார். பதினாலு வருசமா அத மூடி வச்சு வரையறேன். அது இந்த ஆள் இல்ல."

கெல்பர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முட்டாள் இல்லை. மாடிக்காவலன் எந்தத் தெருவின் மாடிகளில் ஓடுகிறான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"நீ எந்த நெற முகத்தப் போட நெனைக்கிறேன்னு எனக்குப் புரியுது. போட்டா பாதிக் கட்டு பிரிக்காமலே திரும்பி வரும். இந்தக் கம்பெனில இருக்கறவங்க பாதிப் பேர், என்ன எனம்னு தெரியக் கூடாதுன்னு, பொறந்தப்ப வச்ச பேர்ல இல்ல. நானும்தான். நானும் ஒரு முகமூடியப் போட்டுட்டுதான் உக்காந்திருக்கேன். நீ மட்டும் என்ன விசேசம்?"

"நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் சார்."

"எங்கிட்டயா பண்ணின? வெள்ளிக்கிழமை பக்கம் வேணும்."

அலோன்சோ தாள்களை எடுத்துக்கொண்டு போனான். அன்று முதல் அவன் செய்தது சித்திர வேலை மட்டுமில்லை, களவுக்குத் திட்டம் போடுகிற வேலையும். வெள்ளிக்கிழமை மத்தியான ரயிலில் பக்கங்கள் கனெக்டிகட்டில் இருக்கும் அச்சுத்தகட்டுப் பட்டறைக்குப் போயாக வேண்டும். முன்கூட்டிக் கொடுத்தால் வேறு ஆளை வைத்து மாற்றி வரைவார்கள். ஆகவே மற்ற பக்கங்களையெல்லாம் புதன்கிழமையே கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தை மட்டும் "இங்க் காயல சார்" என்று இழுத்தடித்தான்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரே படம். தீப்பிடித்த மாடி. முகமூடி ஒரு கையில் கிழிந்து தொங்குகிறது. மற்ற கையில் உறை எரிந்து போய்விட்டது. அந்த வெறும் கையைப் பார்க்கிறவனை நோக்கியே நீட்டியிருக்கிறான். முகம் லெஸ்டரின் முகம். பெரிய காது, வெட்டுப்பட்ட புருவம், முன்பல் இடைவெளி தெரிகிற சிரிப்பு. லெஸ்டர் அந்த இடைவெளிக்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான். அலோன்சோ பொத்தாமல் சிரிக்க வைத்தான்.

கையில்தான் அவன் தந்திரம் செய்தான். வண்ணத்தை யாரும் மாற்றலாம். பட்டறையில் வரிசையாக உட்கார்ந்து வண்ணத்தகடு தீட்டுகிற பெண்கள், யாரும் குறிப்பு எழுதாவிட்டால் எல்லாத் தோலுக்கும் இளஞ்சிவப்புதான் போடுவார்கள். அது அவர்களுக்குக் கை போகிற வழக்கம். ஆனால் கறுப்பு மையில் இழுத்த கோட்டை மாற்ற வேண்டுமானால் படத்தையே அழிக்க வேண்டும். ஆகவே அந்தக் கை முழுவதும் மயிரிழைக் கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டான். மேலே என்ன வண்ணம் பூசினாலும் கறுத்துத்தான் தெரியும். கூடப் போகிற வண்ணக்குறிப்புத் தாளிலும் முகத்துக்கும் கைக்கும் பழுப்பு தீட்டினான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பக்கத்தைக் கெல்பரின் மேஜையில் வைத்தான். அவர் பார்த்தார். அலோன்சோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம் இந்த மனுஷன் பேசாமலே இருந்தால் போதும், மாற்றி வரைய நேரம் இருக்காது.

"கேஸ்பரே!" என்று கத்தினார் கெல்பர்.

கேஸ்பரே லோ ப்ரெஸ்டி படங்களுக்குள் வசன எழுத்து எழுதுகிறவன், வெட்டி ஒட்டுகிற வேலையும் அவனுடையது. அலோன்சோவோடு ஒன்றாகச் சாப்பிடுகிற ஒரே வெள்ளைக்காரன். எல்லாக் கம்பெனியிலும் அவசரத்துக்கு என்று ஓர் இழுப்பறை நிறைய அச்சடித்த தலைகள் இருக்கும்: கோபமான தலை, சிரிக்கிற தலை, யோசிக்கிற தலை. கெல்பர் துழாவி மஞ்சள் முடிக்காரன் தலை ஒன்றை எடுத்துப் போட்டார். "இத மேல ஒட்டு."

கேஸ்பரே அலோன்சோவைப் பார்த்தான். "சிட், பாவம்யா..."

"ரயிலுக்கு நேரமாச்சு. ஒட்டு."

அலோன்சோ அங்கேயே நின்றான். கேஸ்பரே கத்தரியால் தலையை வெட்டினான். ரப்பர் பசை டப்பாவைத் திறந்தான். அந்தப் பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டினால் சாகும்வரை வராது. ஒரு பக்கம் மட்டும் தடவி ஈரத்தோடு ஒட்டினால் என்றைக்காவது உரிந்து வந்துவிடும். கேஸ்பரே தலையின் பின்பக்கம் மட்டும் லேசாக ஒரு பூச்சு தடவி, லெஸ்டரின் சிரிப்பின் மேல் வைத்து அழுத்தினான். கெல்பருக்கு அது தெரியாது. அலோன்சோ பார்த்தான். கேஸ்பரே அவனைப் பார்க்காமலே டப்பாவை மூடினான்.

கெல்பர் வண்ணத் தாளில் முகத்தின் மேல் வெள்ளை பூசி 'இளஞ்சிவப்பு, முடி மஞ்சள்' என்று எழுதினார். பேனா படத்திலிருந்த கைக்கு வந்து நின்றது.

"கை ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு?"

"உறை எரிஞ்சிருச்சுல்ல சார். கரி."

"கரியா?"

"தீக்குள்ள கையை விட்டா கரி ஒட்டாதா சார்?"

கெல்பர் கையைப் பார்த்தார். அலோன்சோவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. கரி" என்று பேனாவை மூடினார். தெரிந்துதான் விட்டாரா என்று அலோன்சோ கடைசிவரை யோசித்துக்கொண்டிருந்தான். கதை சொல்கிற எனக்கு அந்த மனுஷன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள், கையை யாரும் பார்ப்பதில்லை. அதனால் தப்பியது என்றுதான் சொல்வேன்.

இதழ் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை அலோன்சோ மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினான். சாப்பாட்டு மேஜையில் தட்டு இல்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்த புத்தகம் மட்டும் இருந்தது. லெனாக்ஸ் அவென்யூவில் கடை திறக்கும்போதே போய் வாங்கியிருக்கிறாள். கோவிலில் பக்கத்து வரிசைக்காரிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாளாம், இந்த மாசம் பாருங்க என்று.

"யாரிது?" என்றாள்.

"அண்ணி, நான் அண்ணனைத்தான் போட்டேன். மேல ஒட்டிட்டாங்க."

"அந்தப் பக்கத்தக் காட்டு."

"அது கம்பெனிகிட்ட இருக்கு. திருப்பித் தர மாட்டாங்க. கையப் பாருங்க அண்ணி. கை அண்ணனோடது. அத நான் விடல."

கிளியோ கையைப் பார்க்கவில்லை. "என் புருசன் கையும் காலுமாவா இருந்தாரு? மூஞ்சி இல்லியா அவருக்கு? இத்தன வருசம் மூடி வச்சு, கடைசில வெள்ளைக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே. திங்கக்கிழமை அதே ஆபீசுக்குத்தான போவ?"

திங்கட்கிழமை அதே ஆபீசுக்குத்தான் போனான். வேறு எந்த ஆபீஸ் அவனுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது?

"போ" என்றாள் கிளியோ.

அதற்குப் பிறகு ஒரே கட்டடத்தில் இருபது வருஷம். படியில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கிப் போவாள். ஒரு தடவை காய்கறிப் பையைத் தூக்கிக்கொள்ளக் கைநீட்டினான். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். படக்கதைக் கம்பெனி மூடிப்போனது. பழைய பக்கங்களை எல்லாம் இயந்திரத்தில் போட்டு அரைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் ஒரு பல்பொருள் கடையின் விளம்பரத்துக்குச் செருப்புப் படம் வரைந்து காலத்தை ஓட்டினான். ஜோடி ஜோடியாக, ஆயிரக்கணக்கில் செருப்பு.

எழுபத்து நாலில் தொலைபேசி மணி அடித்தது. பேசியவர் மெர்ல் ஹட்டன், நியூஜெர்சியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், பழைய படக்கதைப் பைத்தியம். சாகும் முன்னால் கேஸ்பரே அவரிடம், ரெக்ஸ் ஹேல் என்று யாரும் இல்லை, வரைந்தது அலோன்சோ விட்லோ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"நகரத்துல ஒரு ஹோட்டல்ல ரசிகர்கள் கூடுறோம் சார். நீங்க வரணும். உங்களப் பாத்துதான் பாதிப் பேர் வரையக் கத்துக்கிட்டாங்க. உங்க கடைசிப் பக்கத்தோட மூலப்படம் அச்சுத்தகட்டுப் பட்டறைலயே கெடந்து எங்கிட்ட வந்துருக்கு, அதையும் வைக்கிறேன். அந்தப் புகழ்பெற்ற வண்ணப்பிழை!"

"என்ன பிழை?"

"வெள்ளை முகம், கறுப்புக் கை. அச்சுல வந்த பெரிய தப்புன்னு அந்த இதழுக்குத் தனி மவுசு சார்."

அலோன்சோ ரிசீவரைக் காதோடு அழுத்தினான். "முகத்து மேல ஒரு ஒட்டு இருக்குமே. அது இருக்கா?"

"இருக்கு சார்."

இரண்டு மாடி இறங்கி வந்து கதவைத் தட்டினான். சங்கிலி போட்டபடி கதவு ஒரு விரலளவு திறந்தது. கிளியோவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"அந்தப் பக்கம் அழியல அண்ணி."

எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. "காட்டு" என்றாள், இருபது வருஷத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து.

"ஹோட்டல்ல வைக்கிறாங்க. ஒட்டு அப்பிடியே இருக்கு. கேஸ்பரே ஒரு பக்கந்தான் பசை போட்டான், உரிஞ்சு வரும். நீங்க கூட வரணும்."

"உரிச்சா அடியில ஒண்ணுமில்லேன்னா?"

"அப்புறம் நான் இந்தக் கட்டடத்துலயே இருக்க மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. சங்கிலி விழுகிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை காலை அவள் கோவில் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ரயிலில் அவனுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள்.

ஹோட்டல் கூடத்தில் வளர்ந்த ஆண்கள் படக்கதை வீரர் வேஷத்தில், கால்சட்டைமேல் ஜட்டி போட்டுக்கொண்டு, தோளில் போர்வையோடு நடமாடினார்கள். கிளியோ ஒருவனை மேலும் கீழும் பார்த்தாள். "இதுங்களுக்கு வீட்ல யாரும் இல்லியா?" என்றாள். அலோன்சோவிடம் சொன்னதா, காற்றிடம் சொன்னதா, தெரியவில்லை. அலோன்சோவுக்குச் சிரிக்கப் பயமாக இருந்தது.

ஹட்டனின் மேஜையில் பக்கம் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் அச்சான இதழ் விரித்து வைத்திருந்தது. நடுவே ஓர் அட்டை: 'புகழ்பெற்ற வண்ணப்பிழை'. ஹட்டன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"சார், எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். இந்தக் கையில எப்பிடித் தப்பு நடந்துச்சு?"

"கை சரிதான் தம்பி. முகந்தான் தப்பு" என்றான் அலோன்சோ.

அவன் கண்ணாடியைக் காட்டினான். "இதத் திறங்க. அந்த ஒட்ட எடுக்கணும்."

ஹட்டனின் முகம் மாறிவிட்டது. "எடுக்கறதா? சார், நீங்க பெரியவர், ஆனா இது... இத எடுத்தா இது அந்தப் பக்கமே இல்லியே. எல்லாருக்கும் தெரிஞ்சது இதுதான்." பிறகு தயங்கினார். "இன்னொண்ணு. ரெண்டு வருசம் முன்னால ஓரம் தூக்கிக்கிட்டுது. பிஞ்சிரக் கூடாதேன்னு நானே கொஞ்சம் பசை வச்சேன். கடையில லேபிள் ஒட்டுற கோந்து."

"எந்த ஓரம்?"

"தாடைப் பக்கம்."

தாடைக்கு மேலேதான் வாய். கோந்து ஏறியிருந்தால் ஒட்டோடு சேர்ந்து அடித்தாளும் உரிந்து, லெஸ்டரின் சிரிப்பு கிழிந்துவிடும். எடுக்காமல் விட்டால் இப்போது திரும்பி ரயில் ஏறி, மறுபடி அதே படியில் அதே சுவரோரம். அவன் கிளியோவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளே முன்னால் வந்தாள். ஹட்டனிடம் மெதுவாகத்தான் சொன்னாள். "தம்பி, அந்த ஒட்டுக்கு அடியில என் புருசன் இருக்காராம். இவன் சொல்றான். நான் நம்பல. இருபது வருசமா நம்பல. இருந்தா நான் பாக்கணும். இல்லேன்னா அதையும் பாக்கணும்."

ஹட்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார். மருந்து நிறுக்கிற கை, பதறவில்லை.

"லைட்டர் பெட்ரோல் யார்கிட்டயாவது இருக்கா?" என்று அலோன்சோ கேட்டான். ரப்பர் பசையை அதுதான் இளக்கும். போர்வை போட்ட ஒருவன் இடுப்புப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து நீட்டினான். அலோன்சோ வாங்கினான்.

"நீ தொடாத" என்றாள் கிளியோ. "கை நடுங்குது. அந்தத் தம்பி செய்யட்டும்."

ஹட்டன் நெற்றிப் பக்கம் இரண்டு சொட்டு விட்டார். காத்திருந்தார். நகத்தால் நெம்பினார். மஞ்சள் முடி அலுங்காமல் தூக்கிக்கொண்டது. அடியில் ஒரு பெரிய காது தெரிந்தது. அப்புறம் வெட்டுப்பட்ட புருவம். கண்கள். கூட்டத்தில் யாரோ "கடவுளே" என்றார்கள். தாடையில் கோந்து பிடித்துக்கொண்டது. ஹட்டன் நிறுத்தினார், நெற்றியிலிருந்து வேர்வை மேஜையில் சொட்டியது.

"இழுத்தா கிழியும் சார்."

"மேல்பக்கமா இழுக்காதீங்க. பக்கவாட்டா, படுக்க வச்சு இழுங்க" என்றான் அலோன்சோ.

சர்ரென்று ஒரு சத்தம். ஒட்டு வந்துவிட்டது. தாடையில் ஒரு துண்டு தாளும் சேர்ந்து போய் அந்த இடம் வெளுத்துக் கிடந்தது. அதற்கு ஒரு நூலிழை மேலே சிரிப்பு முழுசாக இருந்தது. முன்பல் இடைவெளியோடு, வாயைப் பொத்தாமல், லெஸ்டர் தீக்குள்ளிருந்து கையை நீட்டிக்கொண்டு சிரித்தான்.

கிளியோ கையுறையைக் கழற்றினாள். தாளின் மேலே, படாமல், நீட்டிய அந்தக் கைக்கு நேராகத் தன் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஹட்டன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"காது இவ்ளோ பெருசு இல்லியே" என்றாள் கடைசியில்.

"பெருசுதான் அண்ணி. நீங்க ஆசையா பாத்தவங்க, உங்களுக்குத் தெரியல."

அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள், வெடித்துக்கொண்டு. ஹட்டன் அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அந்த மஞ்சள் தலை மேஜையில் மல்லாந்து கிடந்தது. கிளியோ அதை இரண்டு விரலால் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்தாப்பா. உங்க ஆள நீங்களே வச்சுக்கங்க."

பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, தொப்பியைச் சரிசெய்து, அலோன்சோ பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கோழி வைக்கிறேன். ஆறிப் போனப்புறம் வந்து நிக்காத."